சிறுபான்மையினருக்கான மாளிகைக்கு ஏன் பேரரசர் காலத்துக் கூரை?

பெய்ஜிங்கில் தியானன்மென் சதுக்கத்திலிருந்து சாங்ஆன் பெருஞ்சாலையில் மேற்கே போகும்போது, சிதான் தாண்டியதும் வெள்ளைச் சுவரும் நீலப்பச்சை ஓடுமாக ஒரு கோபுரக் கட்டடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். சிறுபான்மை இனங்களுக்கான தேசியப் பண்பாட்டு மாளிகை அது என்று வழிகாட்டி சொல்லியிருக்கிறார். மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள்: சிறுபான்மையினருக்கு என்று கட்டியது அச்சு அசலாகச் சீன அரண்மனை மாதிரி இருப்பானேன், திபெத்தியச் சாயலோ (வடமேற்குச் சீனாவின் முஸ்லிம் இனமான) உய்குர் சாயலோ ஏன் இல்லை; உள்ளே இருப்பது அருங்காட்சியகமா, அரசு விளம்பரமா; அடுத்த தடவை போனால் உள்ளே நுழைவது தகுமா. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இது உண்மையில் யாருடைய கட்டடம் என்பதுதான் உங்கள் கேள்வி என்று நினைக்கிறேன். ஆசியக் கட்டடக்கலை வரலாறு பாடம் நடத்துவது என் தொழில். ஆகவே கூரை, ஓடு, கட்டியவர், கட்டிய காலம் பற்றி ஓரளவு உறுதியாகவே பேசுவேன். சீனத்து இனக்கொள்கை பற்றிச் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. அந்த மக்களோடு வாழ்ந்த ஒருவர் வந்து திருத்தினால் அவர் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத செய்திகள். மக்கள் சீனக் குடியரசின் பத்தாம் ஆண்டு விழாவுக்காக, 1959 அக்டோபருக்குள் முடிக்க வேண்டும் என்று தலைநகரில் எழுப்பிய ‘பத்துப் பெருங்கட்டடங்களில்’ இது ஒன்று. மக்கள் மாமன்றம், புரட்சி மற்றும் வரலாற்று அருங்காட்சியகங்கள், ராணுவ அருங்காட்சியகம், வேளாண் கண்காட்சி மாளிகை, பெய்ஜிங் ரயில் நிலையம், தொழிலாளர் விளையாட்டரங்கம், தியாவ்யூதாய் அரசு விருந்தினர் மாளிகை, கடல்கடந்த சீனர்களுக்கான ஹோட்டல், பக்கத்திலேயே இருக்கிற மின்சு ஹோட்டல் ஆகியவை மற்றவை. சிறுபான்மை இனங்களுக்குத் தலைநகரில் ஒரு மாளிகை வேண்டும் என்று 1951-இல் மாவோ சொன்ன யோசனையிலிருந்து அரசுத் தரப்பு இதன் கதையைத் தொடங்குகிறது. ஆனால் வேலைக்கு உண்மையான வேகம் பிறந்தது 1958 செப்டம்பரில், பத்துக் கட்டடத் திட்டம் வந்த பிறகுதான். நாடெங்கும் இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவமைப்பாளர்களைக் கூட்டி, பிரதமர் சூ என்லாய் நேரடியாகக் கவனித்த திட்டம் அது. பத்திலும் பெரியதான மக்கள் மாமன்றத்தை, 1,70,000 சதுர மீட்டர் பரப்பை, ஏறக்குறைய பத்து மாதத்தில் கட்டி முடித்தார்கள். அதே பட்டியலில் முதலில் இருந்த தேசிய நாடக அரங்கு போன்றவை பொருள் பற்றாக்குறையால் தள்ளிப்போயின. அந்த நாடக அரங்கு வந்து சேர 2007 ஆயிற்று. அந்த நெருக்கடியிலும் பண்பாட்டு மாளிகை பட்டியலில் நிலைத்தது என்பதைக் கவனியுங்கள். அரசுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பெரும்பாய்ச்சல் என்ற பெயரில் மாவோ நடத்திய பொருளாதார இயக்கத்தில் கிராமங்கள் பஞ்சத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்த காலமும் இதுவேதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வடிவமைத்தவர் ஜாங் போ. 1911-இல் பிறந்தவர், 1999-இல் மறைந்தார். மக்கள் மாமன்றத்தின் வடிவமைப்புப் பணிக்குத் தலைமை தாங்கியவரும், பக்கத்து மின்சு ஹோட்டலை வரைந்தவரும் இவரே. இவரைப் பற்றித் தெரியாமல் அந்தக் கூரையைப் புரிந்துகொள்ள முடியாது. 1941-இலிருந்து சில ஆண்டுகள், பெய்ஜிங் ஜப்பானியர் பிடியில் இருந்தபோது, போரில் எல்லாம் அழிந்துவிட்டால் திரும்பக் கட்டுவதற்காவது வரைபடம் வேண்டுமே என்ற அச்சத்தில் நகரின் மைய அச்சிலுள்ள பழைய கட்டடங்களை அளந்து வரையும் வேலை நடந்தது. தியான்ஜினிலிருந்து வந்த மாணவர்களை வைத்துக்கொண்டு அதை நடத்தியவர் ஜாங் போ. தடை செய்யப்பட்ட நகரம் எனப்படும் பேரரசர் அரண்மனை வளாகத்து மண்டபங்களில் சாரம் கட்டி ஏறி, இறவாரம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) எவ்வளவு நீள்கிறது, கூரையின் வளைவு எந்த இடத்தில் எவ்வளவு தாழ்கிறது, தூணுக்குத் தூண் இடைவெளி எப்படி மாறுகிறது என்று அளந்து, பெரிய பெரிய தாள்களில் நூற்றுக்கணக்கான வரைபடங்களாக ஆக்கினார்கள். புத்தகத்தில் பார்த்துச் சீனக் கூரை போட்டவர்கள் அந்தத் தலைமுறையில் பலர் உண்டு. இவர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கற்றவர். பிற்காலத்தில் இவர் கட்டியவற்றில் விகிதம் பிசகாமல் இருப்பதற்கு அந்த ஆண்டுகள்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கூரைக்கு ஒரு அரசியல் பின்கதை உண்டு. ‘உள்ளடக்கத்தில் சோஷலிசம், வடிவத்தில் தேசியம்’ என்ற முழக்கம் ஸ்டாலின் காலச் சோவியத்திலிருந்து சீனாவுக்கு வந்தது. மாஸ்கோவில் அந்த முழக்கம் ஊசிக் கோபுரங்களாக முளைத்தது. பெய்ஜிங்கில் தேசிய வடிவம் என்றால் என்ன? கட்டடக்கலை அறிஞர் லியாங் சிசெங் போன்றவர்கள் கூரை என்றார்கள். 1954-இல் அவர் கற்பனையாக 35 மாடிக் கட்டடம் ஒன்றுக்கே சீனக் கூரை வைத்து வரைந்து காட்டினார். ஜாங் போவும் அதே சமயத்தில் சோவியத் நிபுணர்கள் தங்குவதற்கான நட்புறவு ஹோட்டலைப் பச்சை ஓட்டுக் கூரையோடு கட்டினார். அப்புறம் காற்று மாறியது. 1954 டிசம்பரில் குருஷ்சேவ் மாஸ்கோவில் அலங்காரக் கட்டடங்களைச் சாடினார். 1955 மார்ச்சில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளிதழ் கட்டுமான ஊதாரித்தனத்தைக் கண்டித்துத் தலையங்கம் எழுதியது. ‘பெருங்கூரை’ என்பதே வசைச்சொல் ஆயிற்று. லியாங்கைக் கண்டித்து ஒரு இயக்கமே நடந்தது. சான்லிஹேயில் ஜாங் கைஜி என்ற இன்னொரு கட்டடக்கலைஞர் எழுப்பிக்கொண்டிருந்த அரசு அலுவலக வளாகத்தில், கூரைக்கான பாகங்கள் தயாரான பிறகும் நடுக்கட்டடம் மொட்டையாகவே விடப்பட்டது. இரு பக்கக் கட்டடங்களுக்குக் கூரை உண்டு, நடுவில் இருக்கும் தலைமைக் கட்டடத்துக்கு மட்டும் இல்லை. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

ஆக, 1958-இல் ஜாங் போ மறுபடி ஓட்டுக் கூரை வரைகிறார் என்றால் அது சாதாரண விஷயம் அல்ல. மூன்று வருடத்துக்கு முன் அதற்காகவே திட்டு வாங்கிய தலைமுறை அவருடையது. ஆண்டு விழாக் கட்டடங்களுக்கு மட்டும் கதவு கொஞ்சம் திறந்தது. அப்போதும் பத்தும் கூரை போட்டுக்கொள்ளவில்லை. மக்கள் மாமன்றம் தட்டையான உச்சியில் ஓட்டு விளிம்போடு நிறுத்திக்கொண்டது. ராணுவ அருங்காட்சியகம் சோவியத் பாணியில் ஊசி வைத்துக்கொண்டது. மின்சு ஹோட்டல் நேர்க்கோட்டு நவீனக் கட்டடம். முழு மனதோடு பழைய கூரையைத் தரித்தவை என்றால் பண்பாட்டு மாளிகை, வேளாண் கண்காட்சி மாளிகை, மணிக்கூண்டுகள் கொண்ட ரயில் நிலையம் ஆகியவைதான். இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. வேளாண்மைக்கும் ரயிலுக்கும் போட்ட அதே கூரையைத்தான் சிறுபான்மையினரின் மாளிகைக்கும் போட்டார்கள். இந்தக் கட்டடத்தில் அவர் தீர்க்க முயன்ற புதிர் உயரமான கட்டடம் சீனமாகத் தெரிவது எப்படி என்பது. சிறுபான்மையினரின் கட்டட மரபு என்ன என்ற கேள்வி அவர் மேசைக்குப் பெரிதாக வந்ததற்கான தடயம் கட்டடத்தின் வெளியுருவில் இல்லை.

அந்தப் புதிரை அவர் அழகாகவே தீர்த்தார். சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். நடுக்கோபுரம் 13 மாடி, 67 மீட்டர். அன்றைய பெய்ஜிங்கில் இது மிக உயரம். இரு பக்கமும் தாழ்ந்த சிறகுகள் கையை விரித்த மாதிரி முன்னுக்கு வருகின்றன, பின்னால் வடக்கு நோக்கிக் கண்காட்சி மண்டபம் நீள்கிறது. உயரக் கட்டடத்துக்குச் சீனக் கூரை போடும்போது வரும் சிக்கல் என்னவென்றால், அந்தக் கூரை பிறந்ததே தாழ்ந்து பரந்த மண்டபங்களுக்கு. பத்து மாடிப் பெட்டியின் மேல் அதை அப்படியே கவிழ்த்தால், ஒல்லியான ஆள் பெரியப்பாவின் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டது போல ஆகிவிடும். 1950-களின் பல கட்டடங்களுக்கு அதுதான் நேர்ந்தது. ஜாங் போ பெரிய மண்டபக் கூரையை எடுத்துக்கொள்ளவே இல்லை. நாற்புறமும் சரிந்து ஒரே முனையில் கூடும், இரண்டு அடுக்கு இறவாரம் உள்ள சிறு மண்டபங்களின் கூரையைத் தேர்ந்து, அதைச் சிறிதாக்கி உச்சியில் வைத்தார். கோபுர உடலையே மேலே போகப் போகப் படிப்படியாக ஒடுக்கினார். அதனால் கண் ஒரே தாவலில் உச்சிக்குப் போகாமல், படியேறுவது போல ஏறுகிறது. புத்தப் பகோடாவும், அரண்மனை மூலைக் காவல் கூண்டும் ஒரே உடலில் கலந்த மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது மரம் அல்ல, கான்கிரீட். பழைய கூரையில் இறவாரத்தின் எடையைத் தாங்கும் அடுக்கு மரத்தாங்கிகளுக்கு இங்கே சுமக்க வேலையே கிடையாது. இதை மோசடி என்று சொல்லும் மாணவர்கள் வருடா வருடம் வருவார்கள். எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. மரத் தூணைக் கல்லில் நகலெடுத்த மரபுகள் உலகெங்கும் உண்டு.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் போக மனமில்லை. பழைய பெய்ஜிங்கில் ஓட்டின் நிறம் சட்டம் மாதிரி. மஞ்சள் பேரரசருக்கு, பச்சை இளவரசர்களுக்கு, ஆழ்நீலம் வானக் கோயிலுக்கு. வானக் கோயிலின் பெரிய மண்டபத்துக்கே முதலில் நீலம், மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம் இருந்தது. 1751-இல் சியான்லோங் பேரரசர் மூன்றையும் நீலமாக்கினார். ஜாங் போ எடுத்துக்கொண்டது இவற்றில் எதுவும் இல்லை, மயில்கழுத்து நிறம். நேரில் பார்த்தால் காலை வெயிலில் பச்சை தூக்கலாகவும் மேகமூட்டத்தில் நீலம் தூக்கலாகவும் தெரியும். வெள்ளைச் சுவரோடு சேரும்போது அரண்மனையின் சிவப்பு-மஞ்சள் நினைவு சட்டென்று விலகிப் போகிறது. அதாவது உருவத்தில் பேரரசு, நிறத்தில் பேரரசு இல்லை. மரபாக இந்த மயில்நீல மெருகு, அதாவது ஓட்டின் மேல் உள்ள கண்ணாடி போன்ற பூச்சு, செம்பிலிருந்து வருவது. ஈயம் சேர்ந்த மெருகில் செம்பு பச்சை தரும், கார மெருகில் இந்த நீலம் தரும். சமர்கண்ட் முதல் காஷ்கர் வரை மத்திய ஆசிய மசூதிகளிலும் கல்லறை மாடங்களிலும் மின்னும் நீலமும் வேதியியல்படி இதே குடும்பம்தான். அதனால் உய்குர் நாட்டு நினைவு ஒன்று ஓட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அது என் வாசிப்பு; ஜாங் போவின் நோக்கம் என்று எங்கும் எடுத்துக் காட்டிவிடாதீர்கள். நீலம் வானம், வெள்ளை மேகம், புல்வெளி என்றெல்லாம் வழிகாட்டிகள் சொல்வதையும் அதே தட்டில்தான் வைக்க வேண்டும்.

இனி உங்கள் முதல் கேள்வியின் மையம்: ஏன் சிறுபான்மைப் பாணி இல்லை? எந்தச் சிறுபான்மையின் பாணி என்பதே முதல் தடை. 1953 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தாங்களாகச் சொன்ன இனப்பெயர்கள் நானூறுக்கும் மேல் வந்தன. அதை ஒழுங்குபடுத்த அறிஞர்கள் ஊர் ஊராகப் போனார்கள். மாளிகை திறந்த 1959-இல் அந்த வேலை பாதியில்தான் இருந்தது. லோபா இனம் 1965-இல்தான் பட்டியலில் சேர்ந்தது. 55-ஆவதாக, கடைசியாக, யுன்னானின் சினோ இனம் 1979-இல். திபெத்தியக் கல்சுவர் வைத்தால் மங்கோலியர் கூடாரம் எங்கே என்பார்கள். குவாங்சி சுவாங் மக்கள்தான் எண்ணிக்கையில் மிகப் பெரிய சிறுபான்மை. அவர்கள் வீடு தூண்மேல் நிற்கும் மர வீடு. எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து ஒட்டினால் பொருட்காட்சி வளைவு மாதிரி ஆகியிருக்கும். இது நடைமுறைக் காரணம், நியாயமானதும்கூட.

ஆனால் நடைமுறை மட்டும் காரணம் என்று சொன்னால் பாதி உண்மைதான். ஏனென்றால் சீன அரசுகளுக்கு வேறு வழியும் தெரிந்திருந்தது. பெய்ஜிங்குக்கு வடகிழக்கே செங்டே நகரில் சிங் வம்சத்தின் கோடைக்கால அரண்மனை இருக்கிறது. அங்கே சியான்லோங் 1767-இலிருந்து 1771 வரை லாசாவின் பொத்தாலா மாளிகையைப் பின்பற்றி ஒரு கோயில் கட்டினார். அதற்கு முன்பு 1764-இல், வடமேற்கே இலி பள்ளத்தாக்கில் அழிந்துபோன ஒரு கோயிலின் சாயலில், அங்கிருந்து வந்து குடியேறிய சுங்கர் மங்கோலியருக்காக இன்னொன்று. மங்கோலியத் தலைவர்களும் லாமாக்களும் பேரரசரைப் பார்க்க வந்தால், தங்கள் ஊர்க் கட்டடமே எதிரே நிற்கும். ‘உன் தெய்வமும் என் முற்றத்தில்தான் இருக்கிறது’ என்று சொல்கிற அரசியல் அது. மரியாதையும் பிடியும் ஒன்றாகவே இருந்தன. 1959-இன் அரசு அந்த வழியில் போகவில்லை. எல்லா இனங்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது, அந்தக் கூரை தலைநகரின் கூரை. இரண்டுமே பேரரசு மனநிலைதான் என்பார்கள் சிலர். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் கட்டடம் பேசுவது மையத்திலிருந்து விளிம்பை நோக்கி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இங்கே ஒரு இடைச்செருகல். சீனக் கூரை என்றாலே பெரும்பான்மை ஹான் மக்களுடையது என்று நீங்கள் எழுதியிருப்பது அவ்வளவு எளிதல்ல. அதே பெய்ஜிங்கில் நியூஜியே மசூதிக்குப் போய்ப் பாருங்கள். ஹுய் முஸ்லிம்களின் தொழுகை இடம், பத்தாம் நூற்றாண்டில் தொடங்கியது என்பது மரபு. வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டுக் கூரையும் வண்ணம் தீட்டிய உத்தரமும் உள்ள சீனக் கோயில் என்றே நினைப்பீர்கள். உள்ளே அரபு எழுத்துகள். தடை செய்யப்பட்ட நகரத்தில் இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதியைப் புதுப்பித்துக் கட்டிய சிங் வம்சத்தவர் மஞ்சுக்கள். இன்றைய பட்டியலில் அவர்களும் சிறுபான்மை இனம். கூரையை வைத்து இனம் பிரிக்கப் போனால் நம்மையே குழப்பிக்கொள்வோம்.

உள்ளே போவோம். முகப்பின் வெண்கலக் கதவுகளில் பொன்னெழுத்தில் ஒரு பக்கம் ‘ஒற்றுமை’, ஒரு பக்கம் ‘முன்னேற்றம்’ என்று இருக்கும். நுழைந்ததும் வருகிற நடுக்கூடத்தின் சுவர்களில் வெண்பளிங்கில் நான்கு பெரிய புடைப்புச் சிற்பங்கள். பல இன மக்களின் வாழ்வும் உழைப்பும் கொண்டாட்டமும். வெளியே காணாத சிறுபான்மையினர் முதன்முதலாக இங்கேதான் தென்படுகிறார்கள், அதுவும் சிற்பமாக. உடைகளைக் கூர்ந்து பாருங்கள். தலையணி, இடுப்புத்துணி, இசைக்கருவி எல்லாம் அக்கறையாகச் செதுக்கியவை. முகங்கள் மட்டும் ஒரே சிரிப்போடு இருக்கும். அந்தக் காலத்துச் சோஷலிசக் கலை எங்கும் அப்படித்தான்.

கட்டடத்துக்குள் அருங்காட்சியகம், நூலகம், கண்காட்சி மண்டபங்கள், நாடக அரங்கு எல்லாம் உண்டு. தேசிய இன விவகார ஆணையத்தின் கீழ் இயங்குகிறது. சோவியத் நாடுகளில் ஊருக்கு ஊர் இருந்த ‘பண்பாட்டு மாளிகை’ என்ற ஏற்பாட்டின் வாரிசு இது. ஆகவே அருங்காட்சியகமா, விளம்பரமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இந்த வகைக் கட்டடத்துக்குப் பொருந்தாது. பிறக்கும்போதே இரண்டுமாகப் பிறந்தது. அருங்காட்சியகச் சேகரிப்பின் ஒரு பகுதி, 1950-களின் தொடக்கத்தில் மத்திய அரசின் குழுக்கள் எல்லைப்புறங்களுக்குப் போனபோதும், அங்கிருந்து பிரதிநிதிகள் தலைநகருக்கு வந்தபோதும் காணிக்கையாகக் கொடுக்கப்பட்ட பொருள்கள். மானிடவியலாளர் ஃபெய் சியாவோதோங் குவெய்சோ மாகாணத்துக்குப் போன குழுவை நடத்தியவர். காணிக்கை என்ற சொல்லை எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம், ஆனால் பொருள்கள் அசல்.

நூலகம்தான் என்னை இந்தக் கட்டடத்தோடு கட்டிப்போட்ட பகுதி. திபெத்திய, மங்கோலிய, மஞ்சு, யி எழுத்துகளில் ஏடுகளும் அச்சுநூல்களும் ஏராளம். அதைவிட நம் பக்கத்து ஆட்களுக்கு நெருக்கமான ஒரு கதை உண்டு. இந்தியாவிலும் நேபாளத்திலும் எழுதப்பட்டு, பல நூற்றாண்டுகளுக்கு முன் திபெத்திய மடங்களுக்குப் போய்ச் சேர்ந்த சமஸ்கிருதப் பனையோலைச் சுவடிகள் இருக்கின்றன. இந்தியாவில் அவற்றின் மூலங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. பனை வளராத, ஈரம் இல்லாத, குளிர்ந்த திபெத்தில் அவை பிழைத்துக் கிடந்தன. 1930-களில் இந்திய அறிஞர் ராகுல் சாங்கிருத்யாயன் மடம் மடமாகப் போய்ப் பலவற்றைப் படமெடுத்தும் கையால் படியெடுத்தும் வந்தார். பிறகு 1960-களில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சுவடிகள் திபெத்திலிருந்து இந்தப் பண்பாட்டு மாளிகை நூலகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. வாங் சென் என்ற அறிஞர் அவற்றுக்கு அட்டவணை தயாரித்தார். அதிலிருந்த சத்தர்ம புண்டரீகத்தின், அதாவது தாமரை சூத்திரத்தின் சுவடி ஒன்று 1980-களில் இங்கிருந்து நிழற்பட நகலாக வெளியானது. பௌத்த ஆய்வாளர்கள் இன்றும் ‘பண்பாட்டு மாளிகைச் சுவடி’ என்றே அதைக் குறிப்பிடுவார்கள். 1990-களில் அந்த ஓலைகள் லாசாவுக்குத் திரும்பின. நம் ஊரில் ஓலைச்சுவடி மூன்று நூற்றாண்டு தாண்டினாலே அதிசயம். ஆயிரம் ஆண்டை நெருங்கும் ஓலை, நீல ஓட்டுக் கூரையின் கீழே பெய்ஜிங்கில் முப்பது வருடம் போல இருந்துவிட்டுப் போயிருக்கிறது. காப்பாற்றிய கதையா, எடுத்துப்போன கதையா என்று கேட்டால், கலாசாரப் புரட்சியில் திபெத்து மடங்களுக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்த்து இரண்டும்தான் என்பேன்.

விளம்பரம் என்ற பக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 1959 மார்ச்சில் லாசாவில் கிளர்ச்சி, தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் இந்த மாளிகை திறந்தது. 2008 மார்ச்சில் லாசாவில் கலவரம். ஏப்ரல் முடிவதற்குள் ‘திபெத்: நேற்றும் இன்றும்’ என்ற பொருளில் இங்கே பெரிய கண்காட்சி. 2009-இல் திபெத்தின் ‘ஜனநாயகச் சீர்திருத்தம் 50’ கண்காட்சியும் இங்கேதான். எல்லைப்புறத்தில் சலசலப்பு வந்தால் அரசு தன் பக்கத்துக் கதையைச் சொல்ல எடுத்துக்கொள்ளும் மேடை இது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிற பொருள் உண்மையாக இருக்கும், பக்கத்து எழுத்தட்டை ஒரு தரப்பைத்தான் சொல்லும். அண்மை ஆண்டுகளில் கொள்கையின் அழுத்தமே மாறிவிட்டது. 55 தனித்தனி இனங்களின் முன்னேற்றம் என்பதைவிட, எல்லாரும் ‘ஒரே சீன தேசியச் சமூகம்’ என்பது முன்னுக்கு வந்திருக்கிறது. 2017-இல் கட்சி விதிகளிலேயே ஏறியது அது. அதற்கேற்ப இந்த மாதிரி நிறுவனங்களில் காட்சிக்கு வைப்பதும் மாறுகிறது. 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 12.5 கோடிப் பேரைத் தொடுகிற மாற்றம் இது. இதன் விளைவு அந்த மக்களுக்கு எப்படி இருக்கிறது என்று கட்டடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆனால் எப்போதும் கட்சி மேடையாகவே இருந்தது என்றும் எண்ணிவிடாதீர்கள். 1979 மார்ச்சில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் பியர் கார்டின் சீனாவில் தன் முதல் ஃபேஷன் ஷோவை நடத்தியது இந்த மாளிகையில்தான். பிரெஞ்சு, ஜப்பானிய மாடல்கள் மேடையில் நடக்க, எதிரே நீலமும் சாம்பலுமாக ஒரே வெட்டுச் சட்டை போட்ட கூட்டம். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, வணிகத்துறை, ஆடைத்துறை ஆட்கள் மட்டும். சீனா கதவைத் திறந்த கதையைச் சொல்பவர்கள் அந்த இரவை விடாமல் சொல்வார்கள். எங்கே நடந்தது என்பதைச் சொல்லத்தான் மறந்துவிடுவார்கள்.

ஆக, இது யாருடைய கட்டடம் என்றால், அரசுடையது. சிறுபான்மையினரைப் பற்றியது, அவர்கள் கட்டியது அல்ல. அப்படிச் சொல்வது கட்டடத்தை இளக்காரம் செய்வதாகாது. பத்தில் மிக நேர்த்தியானது எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். மக்கள் மாமன்றம் அளவில் மிரட்டுகிறது, இது விகிதத்தில் நிற்கிறது.

அடுத்த தடவை பற்றி. சிதான் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். பாஸ்போர்ட் கையில் வையுங்கள். உள்ளே என்ன பார்க்கக் கிடைக்கும் என்பது அப்போது நடக்கிற கண்காட்சியைப் பொறுத்தது. போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் முகப்பையும் கூரையையும் மாலை நாலு மணி வாக்கில் தெற்குப் பக்க நடைபாதையிலிருந்து பாருங்கள், வெயில் மேற்கிலிருந்து சாய்வாக விழும்போது இறவாரத்து அடுக்குகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். பொருள்களைத்தான் பார்க்க வேண்டும் என்றால் மத்திய தேசிய இனங்கள் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் நகரின் மேற்கே இருக்கிறது, அது ஆய்வாளர்கள் சேர்த்தது. வெவ்வேறு இனங்களின் கட்டடங்களைப் பார்க்க ஆசை என்றால் நகரின் வடக்கே 1994-இல் திறந்த பூங்காவில் எல்லாவற்றுக்கும் நகல் உண்டு, செங்டேயின் பேரப்பிள்ளை மாதிரி. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. நேரமும் பணமும் இருந்தால் தெற்கே போங்கள். குவாங்சியின் சான்ஜியாங் பக்கம் தோங் மக்களின் செங்யாங் பாலம், 1912-இலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஊர்க்காரர்கள் ஆணி இல்லாமல் மரம் பொருத்திக் கட்டியது, மேலே ஓட்டுக் கூரையோடு. இன்றும் ஆட்கள் அதன் மேல்தான் வயலுக்குப் போய் வருகிறார்கள். குவெய்சோவின் சாவ்சிங் கிராமத்தில் ஐந்து முரசுக் கோபுரங்கள், ஒவ்வொரு குலத்துக்கும் ஒன்று. வழியில் நான்னிங்கில் இறங்கினால் குவாங்சி தேசிய இன அருங்காட்சியகம்; 2009-இல் திறந்தது, கட்டடமே அந்தப் பகுதியின் பழைய வெண்கல முரசின் வடிவம், உள்ளே வெண்கல முரசுகளின் மிகப் பெரிய தொகுப்பு. ‘உள்ளூர் வடிவம்’ என்று நீங்கள் கேட்டது அங்கே கிடைக்கும். பார்த்துவிட்டு, அது பெய்ஜிங் கட்டடத்தைவிட நன்றாக இருக்கிறதா என்று இங்கேயே எழுதுங்கள். என் மாணவர்களிடையே அதில் இன்னும் சண்டை தீரவில்லை.